கேட்டுச் சொல்லுறன்

மருந்துத் துண்டைக் கையில் வாங்கியதும் அக்கா முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். அடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். அப்படியும் டொக்டரின் எழுத்து விளங்காவிட்டால், இரண்டு கைகளையும் கண்ணாடி மேசையில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். மட்டக்களப்பு நகரத்தில் எங்கள் பாமசிக்கு மருந்து வாங்க வழமையாக வருகிறவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. புதிதாக வந்தவர்கள்தான் கலவரப்பட்டு என்னைப் பார்ப்பார்கள்.

"மிஸ்ஸுக்குத் தலைசுத்தா மகள்?" என்று ஒருநாள் ஒரு வயதானவர் என்னிடம் கேட்டார்.

"இல்ல ஐயா. ஆண்டவரட்டக் கேக்கிறா."

"ஆண்டவருக்கு மருந்துப் பேர் தெரியுமா?"

அக்கா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "டொக்டர்மாருட எழுத்து அவருக்கும் கொஞ்சம் கஷ்டம்தான் ஐயா. பொறுங்க."

பிறகு கண்ணைத் திறந்து போனை எடுத்து டொக்டரிடமே கேட்டார். அந்தப் பாமசியில் நான் அவரோடு வேலை செய்த காலம் முழுவதும், விளங்காத எழுத்துக்கு மேலேயிருந்து வந்த வழிகாட்டல் இந்த ஒன்றுதான். டொக்டருக்குக் கோல் எடு. ஒருமுறைகூட மாறியதில்லை.

"அதுக்கு ஏன்கா கண்ண மூடவேணும்? நேரா எடுத்துக் கேக்கலாம்தானே" என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"நேரா எடுக்க மனம் விடாது புள்ள. சனம் நிக்கும், முதலாளி பாப்பார், டொக்டர் ஏசுவாரோ எண்டு இரிக்கும். குத்துமதிப்பா ஒண்டக் குடுத்து அனுப்புவம் எண்டுதான் மனம் சொல்லும். கண்ண மூடினாத்தான் அந்தச் சத்தம் அடங்கும்."

அவர் அங்கே மருந்தாளர். நான் காசு வாங்கும் மேசையில் இருந்தேன். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். நெட்டையான, மெலிந்த ஆள். கலியாணம் செய்யவில்லை. வாழைச்சேனையில் பிறந்தவர், தகப்பன் அங்கே கடதாசி ஆலையில் வேலை செய்தவர். அவர் இறந்த பிறகு தாயையும் கூட்டிக்கொண்டு கல்லடிக்கு வந்து, வாவிக்கரையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ச்சுக்குப் போவார். ஆனால் அவருடைய பெரும்பாலான ஜெபம் ஸ்கூட்டரில்தான் நடந்தது.

ஹெல்மெட்டுக்குள் வாய் அசைந்தபடியே இருக்கும். ஒருநாள் கல்லடிப் பாலத்தடியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்துவிட்டார். போன் கதைத்துக்கொண்டு ஓட்டுவது குற்றம், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள் என்றார். கழற்றினால் போன் இல்லை. கைப்பையைத் திறக்கச் சொன்னார். போன் அதற்குள் அணைந்து கிடந்தது.

"அப்ப ஆரோட கதைச்சீங்க?"

"ஆண்டவரோட."

பொலிஸ்காரர், "சரி, ஓரமா நிப்பாட்டிக் கதைச்சி முடிச்சிட்டுப் போங்க" என்றாராம். அக்காவும் சொன்னபடியே ஓரமாக நிறுத்தி, முடித்துவிட்டுத்தான் வந்தார். வேலைக்குப் பிந்தியதற்கு அன்றைக்கு முதலாளியிடம் இதையேதான் காரணமாகச் சொன்னார். முதலாளி சிரித்து முடிய வெகுநேரம் எடுத்தது.

சந்தையில் மீன் வாங்குவதற்கும் கேட்பார். மணலையா, கொடுவாவா, இல்லையென்றால் இண்டைக்கு மரக்கறியோடு விடுவோமா என்று மீன் தட்டுக்கு முன்னால் நின்று யோசிப்பார். "மிஸ், நீங்க கேட்டு முடியிறதுக்குள்ள இது நாறிப்போயிடும்" என்பாள் மீன்காரி. அவளுக்கு முழங்கால் நோ. அந்த முழங்காலுக்காகவும் அக்கா தட்டுக்கு முன்னாலேயே நின்று ஜெபித்திருக்கிறார். ஜெபித்து முடிய, பூசுகிற மருந்து ஒன்றும் கொண்டுவந்து கொடுப்பார்.

யார் எதைக் கேட்டாலும் அக்கா உடனே ஓம் என்றோ இல்லை என்றோ சொன்னது கிடையாது. "கேட்டுச் சொல்லுறன்" என்பார். கேட்டது பிழையாகிப் போவதும் உண்டு. மழை வராது என்று கேட்டறிந்து குடை இல்லாமல் வந்து தெப்பமாக நனைந்து நிற்பார். அப்போதெல்லாம் நான் விடமாட்டேன்.

"என்னகா, இண்டைக்கு உங்கட ஆள் பிழை விட்டிட்டார் போல."

"அவர் சரியாத்தான் சொல்லியிரிப்பார். எனக்குக் கேட்டது பிழை" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொல்வார். அதில் ஒரு கோபமோ வெட்கமோ இராது. போன் கதைக்கும்போது இடையில் சத்தம் விட்டுவிட்டு வந்தது போல, அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

என் கணவருக்குக் கட்டாரில் வேலை சரிவந்தபோது நான் இரண்டு மனமாகக் கிடந்தேன். மகள் சின்னவள். போகச் சொல்வதா, வேண்டாம் என்பதா என்று தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அக்காவிடம் போய், "எனக்காக ஒருக்கா உங்கட ஆண்டவரட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். பகிடிக்கில்லை, உண்மையாகத்தான் கேட்டேன்.

அக்கா சோற்றுப் பெட்டியை மூடி வைத்தார். "உனக்காகக் கும்பிடுறன் புள்ள, அது வேற. உன்ர விசயத்துக்கு மறுமொழிய நான் வாங்கித்தர ஏலாது. நான் நடுவில நிண்டா அவர் உன்னோட எப்பிடிக் கதைக்கிறது?"

"எனக்கு அவரத் தெரியாதேகா. எங்கட வீடு அமிர்தகழி. நாங்க மாமாங்கத்துக்குப் போற ஆக்கள்."

அவர் கொஞ்சம் யோசித்தார். சேர்ச்சில் யாரும் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று யோசித்திருக்கலாம். பிறகு, "அப்ப மாமாங்கப் பிள்ளையாரட்டப் போய்க் குந்தியிரி. கேக்கிறது லேசு புள்ள. கேட்டுப்போட்டுப் பேசாம இரிக்கிறதுதான் கஷ்டம்" என்றார்.

நான் போய்த் தீர்த்தக் குளத்துப் படியில் குந்தியிருந்தேன். பிள்ளையார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு நேரம் ஒரு வேலையும் இல்லாமல் இருந்தபோதுதான், கணவர் போவதில் பயம் எனக்குத்தான், அவரோ போக ஆசைப்படுகிறார் என்பது விளங்கியது. அவர் போனார். நன்றாகத்தான் இருக்கிறார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. அக்காவின் தாய்க்கு வயிற்றில் கட்டி வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யலாம், ஆனால் இந்த வயதில் தாங்குவாவோ தெரியாது என்று டொக்டர்மார் சொன்னார்கள். தாய் தனக்கு வெட்டுக்கொத்து வேண்டாம் என்றார். கொழும்பில் இருந்த தமையன் உடனே கொண்டுவா என்று போனில் நின்றார். அக்கா, கேட்டுச் சொல்லுறன் என்றார். கேட்டுக்கொண்டே இருந்தார். மறுமொழி வருவதற்கு முன்னம் தாய் வீட்டுக் கட்டிலிலேயே இறந்துபோனார்.

செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் தமையன் சொன்னார்: "கடவுள் சொல்லும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்து அம்மாவச் சாகவிட்டவள் இவள்." அக்கா தாயின் தலைமாட்டில் விழுந்து கிடந்த பூவை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார்.

வேலைக்குத் திரும்பி வந்த அன்றைக்கு, "அண்ணன் அப்பிடிச் சொல்லியிரிக்கக் கூடாது" என்றேன்.

"அவன் சொன்னது சரியோ பிழையோ எனக்குத் தெரியா புள்ள. அது மேல போய்த்தான் கேக்கவேணும். நான் அதுக்கெண்டு ஒரு கேள்விய வச்சிரிக்கன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்த தட்டுகள்தான்.

அதற்குப் பிறகும் அவர் கண்ணை மூடுவதை நிறுத்தவில்லை. எனக்குத்தான் அதைப் பார்க்கும்போது சிரிப்போடு ஒரு பயமும் சேர்ந்துவிட்டது.

நாட்டில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது அடுத்த வருடம். கல்லடிப் பக்கம் உள்ள பெற்றோல் செட்டில் வரிசையில் நிற்பதா, பாலத்தைக் கடந்து ரவுணுக்குள் வந்து நிற்பதா என்று அக்கா கேட்டிருக்கிறார். ரவுண் என்று மறுமொழி. விடியற்காலையிலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளித் தள்ளி வெயிலில் நின்று, கடைசியில் தனக்கு முன்னால் நின்றவருக்கு அடித்து முடிய, 'பெற்றோல் இல்லை' என்ற மட்டையைக் கொழுவிவிட்டார்கள்.

"எனக்குக் கேட்டது பிழை" என்று அக்கா வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "என்ன கேட்டது மிஸ்?"

அக்காவும் விட்டு வைக்கவில்லை. காலையில் கேட்டதிலிருந்து மட்டை கொழுவியதுவரை சொன்னார். அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மோட்டார் சைக்கிளின் பெட்டியிலிருந்து ஒரு ரியூப்பை எடுத்து, தன் தாங்கியிலிருந்து அரைப் போத்தல் பெற்றோலை இறக்கி நீட்டினார்.

"வீட்ட போய்ச் சேர இது காணும். தரச் சொல்லி உங்கட ஆண்டவர் எனக்கு ஒண்டும் சொல்லல்ல. நானாத்தான் தாறன்."

மற்ற நாள் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த மனிதர் இரண்டு நாளில் பிறசர் மருந்துக்கான துண்டோடு எங்கள் பாமசிக்கு வந்துவிட்டார்.

அவருக்கு நில அளவைத் திணைக்களத்தில் வேலை. வெயிலில் திரிந்து கறுத்த முகம். எந்த வட்டையில் யாருடைய வயல் எந்த வரம்போடு முடிகிறது என்பதெல்லாம் மனப்பாடம் என்பார்கள். மனைவி இறந்து கனகாலம். ஒரே மகள் நீர்கொழும்பில் கலியாணம் முடித்திருந்தாள். ஆள் கத்தோலிக்கம், அக்காவின் சேர்ச் வேறு. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் இரார்.

துண்டில் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதியிருக்கும். அவர் ஒரு கிழமைக்கு மட்டும் வாங்குவார். அடுத்த கிழமை திரும்ப வருவார். ஓய்வுபெற்று, சொந்த ஊரான பனிச்சங்கேணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படியே. பஸ் ஏறி, வாழைச்சேனையையும் அங்குள்ள பாமசிகளையும் கடந்து, மட்டக்களப்புக்கு வந்து ஒரு கிழமைக்குரிய மாத்திரையோடு திரும்பிப் போவார். முதலாளிகூடக் கவனித்துவிட்டார். கவனிக்காத ஒரே ஆள் அக்காதான். கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லையோ என்னவோ.

ஒரு வியாழக்கிழமை, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம், அவர் மாத்திரை உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்:

"மிஸ், பின்னுக்கு வாவி உள்ள வீடு. நான் தனிய. உங்களுக்கும் ஆக்கள் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கலியாணம் செஞ்சா என்ன?"

நான் காசு மேசையைத் திறந்து உள்ளே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

அக்காவின் குரல் கேட்டது. "கேட்டுச் சொல்லுறன் சேர்."

"ஆரட்ட? அண்ணரட்டயா?"

"அவருக்கும் மேல."

"ஓ" என்றார் அவர். "சரி. கேளுங்க. நானும் எங்கட ஆளட்டச் சொல்லி வைக்கிறன்."

மறுமொழி வரவில்லை. கிழமைக்குக் கிழமை அவர் வந்தார். மாத்திரை வாங்கினார். "என்ன மிஸ், ஏதும் வந்ததா?" என்று தபால் வந்ததா என்பது போலக் கேட்பார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டுவார். "எங்கட அந்தோனியார் எப்பவோ சம்மதிச்சிட்டார். உங்கட பக்கம்தான் சுணக்கம்" என்பார் அவர்.

"நீங்க ஆள் வச்சுக் கதைக்கிறீங்க சேர். நான் நேரக் கதைக்கிறன். அதுதான் சுணங்குது" என்பார் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவர் போன பிறகு அக்கா சிரிக்கமாட்டார்.

வேதப்புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து பார்த்ததாகவும் என்னிடம் சொன்னார். திறந்த இடத்தில் ஏதோ ஒரு கட்டடத்தின் நீளம் இத்தனை முழம், அகலம் இத்தனை முழம் என்று இருந்ததாம்.

"அப்ப முடிஞ்சுதே" என்றேன். "அவர் அளக்கிற ஆள். இத விட என்ன வேணும்?"

"போ புள்ள. அந்தப் புத்தகத்தில அளவு இல்லாத பக்கத்தத் தேடித்தான் பிடிக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தாயின் நினைப்புத்தான் வந்தது. அப்போதும் இப்படித்தான் கேட்டார், இப்படித்தான் இருந்தார். இந்த மனிதரும் கைவிட்டுப் போய்விட்டால், மேலே போய்க் கேட்பதற்கு இன்னொரு கேள்வியையும் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த வாவிக்கரை வீட்டில் தனியே இருப்பாரே என்று பட்டது. ஆனால் அதை நான் எப்படிச் சொல்வது? அவருக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

மாரி தொடங்கிய நேரம் அவர் வழமையான நாளில் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. அக்கா வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்கும் போதெல்லாம் நிமிர்ந்தார். அதற்கடுத்த கிழமை வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. துண்டைக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"மகள் கூப்பிடுறாள் மிஸ். இந்த மாசக் கடைசியில நீர்கொழும்புக்குப் போறன். போனா அங்கதான். மருந்த மூண்டு மாசத்துக்குச் சேத்துத் தாங்க."

அக்கா துண்டை எடுத்தார். அது கணினியில் அச்சடித்த துண்டு. விளங்காத எழுத்து ஒன்றும் இல்லை. மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்தார். கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே மழை. வரிசையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் கையைக் காட்டி அவரை நிற்கச் சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கோயிலுக்குள் நிற்பது போல நின்றார். அக்கா அவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்து நான் கண்டதில்லை. காதடியில் சிவந்துவிட்டிருந்தார்.

கண்ணைத் திறந்து, பெட்டியிலிருந்த மாத்திரை அட்டையில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி உறையில் போட்டார்.

"ஒரு கிழமைக்குத்தான் தருவன்."

"நீர்கொழும்பில இரிந்து கிழமைக்கு ஒருக்கா வர ஏலாதே மிஸ்."

"அப்ப போகவேணாம்."

அவர் உறையை வாங்கினார். வாங்கியவர், நடந்து போய்ச் சுவரோரம் கிடந்த மரவாங்கில் குந்திவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். முதலாளி ஓடிவந்து பிறசர் பார்க்கிற கருவியைக் கையில் கட்டினார். கொஞ்சம் கூடத்தான் நின்றது. வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, "இவருக்கு என்ன?" என்று என்னிடம் கேட்டாள். "நல்ல சேதி" என்றேன்.

கலியாணம் அடுத்த தை மாதம் அக்காவின் சேர்ச்சில் நடந்தது. அவருடைய ஊர் பாதரும் வந்து முன் வாங்கில் இருந்தார். மகள் நீர்கொழும்பிலிருந்து புருசன் பிள்ளைகளோடு வந்தாள். யாரும் எதிர்பார்க்காத ஒன்று, கொழும்பிலிருந்து தமையன் வந்தது. அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். பாதிவழியில் அவர் கைலேஞ்சியை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துவிட்டு, அதையே அக்காவிடம் கொடுத்தார்.

சாப்பாடு பனிச்சங்கேணி வீட்டில். பின்னால் வாவி. நண்டுக் கறியின் வாசம் தெருவரைக்கும் வந்தது. முதலாளி மூன்று தரம் சோறு வாங்கினார். எல்லாரும் கைகழுவப் போன நேரம், நானும் அக்காவும் பின்படியில் தனியாக நின்றோம். சேலைக்குக் குத்தியிருந்த ஊசி ஒன்று கழன்று கிடந்தது. அதைத் திரும்பக் குத்திவிட்டபடியே கேட்டேன்.

"அண்டைக்கு உங்கட ஆண்டவர் என்னகா சொன்னார்? இவ்வளவு காலமும் சொல்லாம இரிந்தவர்."

"அண்டைக்கும் சொல்லல்ல."

"மறுகா எப்பிடி ஓமெண்டீங்க?"

அக்கா வாவியைப் பார்த்தார். "நான்தானே புள்ள எப்பவும் கேக்கிறது. அண்டைக்கு அவர் என்னட்டக் கேட்டார். உனக்கு என்ன விருப்பம் எண்டு. என்னட்ட அப்பிடி ஆரும் கேட்டதில்ல. அம்மாவும் கேட்டதில்ல."

"அதுக்கா அவ்வளவு நேரம் கண்ண மூடிக்கொண்டு நிண்டீங்க? விருப்பம் எண்டு ஒரு சொல்லுத்தானே. உடன சொல்லியிரிக்கலாமே."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவரட்டச் சொல்ல வெக்கமா இரிந்திச்சு புள்ள."